தேசத்தின் வறுமைக்குக் கணக்கெழுதியவர்

ஒரு தேசத்தின் உண்மை நிலைமையை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளையும் கோபுரங்களையும் பார்த்துத் திருப்தியடைதல் போதாது. அதன் குடிகள் எத்தனை பேர், அவர்கள் விளைவிப்பது எவ்வளவு, அதில் அவர்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நமது தேசத்தைக் குறித்து இம்மூன்று கேள்விகளையும் கிரமமாகக் கேட்டு விடை கண்ட முதல்வர் தாதாபாய் நௌரோஜி. அவரைப் பிதாமகர் என்று போற்றுவோர் பலர். அவருடைய கணக்கைப் படித்தவர் சிலர். ஆதலின் அந்தக் கணக்கையே நடுவாக வைத்து அவர் சரித்திரத்தைக் கூற முற்படுகிறோம்.

இவ்வகைக் கணக்குக்கு இங்கிலாந்தில் வழி திறந்தவர் கிரகரி கிங் என்பவர். பிரபுக்களின் வமிசாவளிகளையும் விருதுச் சின்னங்களையும் பதிவு செய்யும் ராஜாங்க உத்தியோகம் அவருடையது. குடிக்கணக்கு என்பதே இல்லாத 1696-ஆம் வருஷத்தில், அடுப்பு வரிப் பதிவுகளிலிருந்து வீடுகளை எண்ணி, வீட்டுக்கு இத்தனை பேர் என்று பெருக்கி, ஜனத்தொகை சுமார் 55 லட்சம் என்று கண்டார். 1688-இல் தேசத்தின் வருஷ வருமானம் 4 கோடியே 35 லட்சம் பவுன் என்றும் மதிப்பிட்டார். மெச்சத்தக்க காரியமே. எனினும் அவர் பட்டியலில் ஒரு விபரீதமும் உண்டு. கூலியாட்களையும், குடிசைவாசிகளையும், மாலுமிகளையும், சிப்பாய்களையும் தேசத்தின் செல்வத்தைக் குறைப்போர் என்ற பக்கத்தில் அவர் எழுதினார். ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பக்கத்தில் சேர்ந்தனர். உழைப்பவனே தேசத்துக்குப் பாரம் என்பதாயிற்று. 180 வருஷங்களுக்குப் பின் தாதாபாய் எழுதிய கணக்கு இம்முடிவைத் தலைகீழாக்கியது.

தாதாபாய் 1825-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி ஒரு ஏழைப் பார்ஸி புரோகிதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்த அவரைத் தாய் மானெக்பாய் வளர்த்தார். பம்பாயில் அவர் பெற்ற கல்விக்குச் சம்பளம் கிடையாது. பொது ஜனங்களின் பணத்தால் படித்தோம், அக்கடனைத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் அன்றே ஊன்றிற்று. எல்பின்ஸ்டன் கலாசாலையில் கணிதப் பேராசிரியராக அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1851-இல் ராஸ்த் கோப்தார் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெண்களுக்குப் பாடசாலைகள் வைப்பதில் முன்னின்று உழைத்தார். 1855-இல் வியாபார நிமித்தம் இங்கிலாந்து சென்றார். 1866-இல் லண்டனில் கிழக்கிந்திய சங்கத்தை நிறுவினார்.

1876-இல் அச்சங்கத்தின் பம்பாய்க் கிளையில் இந்தியாவின் வறுமை பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். 1867-68-ஆம் வருஷத்துச் சர்க்கார் அறிக்கைகளே அவருக்கு ஆதாரம். மாகாணந்தோறும் சாகுபடியான ஏக்கர், ஏக்கருக்கு விளைவு, விளைவின் விலை ஆகியவற்றைப் பெருக்கினார். விதைக்காக நூற்றுக்கு 6 வீதம் கழித்தார். உப்பு, அபின், நிலக்கரி, கைத்தொழில், பால், மீன், இறைச்சி ஆகியவற்றைக் கூட்டினார். விட்டுப்போனது ஏதேனும் இருக்கலாம் என்று மேலும் 3 கோடி பவுன் சேர்த்தார். இவ்வளவு தாராளமாகக் கூட்டியும் மொத்தம் 34 கோடி பவுனுக்கு மேற்போகவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் அன்றைய ஜனத்தொகை 17 கோடி. ஆளுக்கு வருஷத்துக்கு 2 பவுன், அதாவது 20 ரூபாய்!

இத்தொகை போதுமா போதாதா என்று வாதிக்க இடமின்றி, அவர் மற்றொரு சர்க்கார் அறிக்கையை எடுத்து அருகில் வைத்தார். அது சிறைச்சாலைச் செலவுக் கணக்கு. நமது சென்னை மாகாணத்தில் ஆளுக்கு விளைவு 18 ரூபாய். அதே மாகாணத்தில் ஒரு கைதியின் உணவுக்கும் உடைக்கும் ஆன செலவு 53 ரூபாய். குற்றம் செய்து சிறை புகுந்தவனுக்குக் கிடைத்ததில் பாதிகூட யோக்கியமாய் ஏர் பிடித்தவனுக்கு இல்லை. இவ்வறிக்கைகளை எழுதியவர்கள் ஆங்கில உத்தியோகஸ்தர்கள். அவர்களே அதை எவ்விதம் மறுக்க முடியும்? அந்த வருஷங்களிலேயே, 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடிற்று என்பதை வாசகர் நினைவுகூர்வாராக.

சர்க்கார் கணக்கிலிருந்த ஒரு புரட்டையும் அவர் வெளியாக்கினார். ஜில்லாக்களின் விலைகளைக் கூட்டி, ஜில்லாக்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி என்று எழுதிவந்தனர். உதாரணமொன்று சொல்வோம். திண்டிவனத்தில் 100 மூட்டை, மூட்டை 10 ரூபாய்; வானூரில் 10 மூட்டை, மூட்டை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முறைப்படி சராசரி 15 ரூபாய். மூட்டைகளையும் எண்ணிப் பார்த்தாலோ 11 ரூபாய்க்கும் குறைவு. இத்தகைய சராசரிகளால் ஏழையின் வருமானம் காகிதத்தில் பெருகிற்று, கலத்தில் பெருகவில்லை.

1880-இல் இந்தியா மந்திரி அலுவலகத்தின் டான்வர்ஸ் என்பவர், ரயிலும் வியாபாரமும் விட்டுப்போயின என்று ஆட்சேபித்தார். ரயில் தானியத்தைச் சுமக்கிறதேயன்றி ஒரு மணியையும் விளைவிப்பதில்லை என்பது தாதாபாயின் விடை. இக்காலப் பொருளாதார சாஸ்திரம் போக்குவரத்தையும் வருமானமாகவே கொள்ளும். அந்த அளவில் அவர் முறையில் குறையுண்டு. ஆயினும் அக்குறையை நிரப்பினாலும் குடியானவனின் பசி தீர்ந்துவிடாது. 1882-இல் சர்க்கார் தரப்பிலேயே செய்த மதிப்பீடு 27 ரூபாய்க்கு மேல் ஏறவில்லை.

ஏன் இந்த வறுமை? ஜனங்களின் சோம்பல் என்றனர் ஆண்டவர்கள். ஆங்கில உத்தியோகஸ்தரின் சம்பள மிச்சமும், உபகாரச் சம்பளமும், லண்டன் செலவும் வருஷந்தோறும் கைம்மாறின்றிக் கடல் கடந்து போவதே காரணம் என்றார் தாதாபாய். இவ்வாறு, செல்வத்தைக் குறைப்பவன் கூலியாள் அல்லன், அவன் உழைப்பின் பயனைக் கொண்டுபோகிறவனே என்பது நிலைநாட்டப்பட்டது. 1892-இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் ஐந்தே வாக்குகள் அதிகம் பெற்றுப் பார்லிமெண்டில் புகுந்து, அங்கும் இதையே முழங்கினார். 1886, 1893, 1906 ஆகிய மூன்று வருஷங்களில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். விண்ணப்பங்களில் தொடங்கிய அப்பெரியவர், 1906-இல் கல்கத்தாவில் சுயராஜ்யமே நம் லட்சியம் என்று கூறும் நிலைக்கு வந்தார். கணக்கே அவரை அங்கு கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது நம் துணிபு. 1917-ஆம் வருஷம் ஜூன் 30-ந் தேதி பம்பாயில் காலமானார்.

சுயராஜ்யம் வந்தபின் இக்கணக்கு எதற்கு என்று கேட்பாருமுளர். ஆள்பவர் அந்நியராயினும் நம்மவராயினும், எண்ணப்படாத ஏழை அவர் கண்ணுக்குத் தென்படுவதில்லை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய குடிக்கணக்கு உரிய வருஷத்தில் எடுக்கப்படாது தள்ளிப்போயிற்று. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எத்தனை பேருக்குத் தானியம் என்பது 2011-இன் ஜனத்தொகையைக் கொண்டே வகுக்கப்பட்டது. அதற்குப் பின் பிறந்த குழந்தை பழைய கணக்கில் எங்கே இருக்கும்?

தேசத் தொண்டில் இறங்கும் நம் வாலிபர்களுக்கு ஒன்று கூறுவோம். வானூர்ப் புஞ்சைக்காட்டில் மணிலா பயிரிடும் குடியானவரின் நிலையைப் பற்றி மேடையேறிப் பேசுமுன், அக்கிராமத்து அடங்கலைப் பாருங்கள். ஏக்கர் எவ்வளவு, விளைவு எவ்வளவு, விலை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். பின்பு பேசுங்கள். சர்க்காரின் ஏட்டைக் கொண்டே சர்க்காரை நிறுத்திக் கேட்ட அப்பெரியாருக்கு நாம் செய்யத்தக்க வந்தனம் இதுவே.