பாடமாகிய கவிஞர்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி இலக்கிய வகுப்பு. நாடு நாளை எப்படி இருக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தால், வால்ட் விட்மன் பெயரும் வரும்.

1819-ல் லாங் தீவில் தச்சர் மகனாகப் பிறந்தார். வீட்டில் வறுமை. 11 வயதிலேயே படிப்பு நின்றது! அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார். 17 வயதில் கிராமப் பள்ளி ஆசிரியரானார்.

1855-ல் "புல்லின் இதழ்கள்" நூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். உழைப்பாளிகளே அதன் நாயகர்கள். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் பணிவிடை செய்தார். 1865-ல் அந்த நூலாலேயே அரசாங்க வேலை பறிபோனது! ஆனாலும் கடைசிவரை அந்த நூலை விரித்து எழுதினார்.

1871-ல் நாட்டின் வருங்காலம் பற்றி எழுதினார். செல்வம் மட்டும் பெருகினால் போதாது, மக்களின் பண்பும் உயரவேண்டும் என்பதே அவர் கவலை.

1892-ல் மறைந்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர், பள்ளிப் பாடமாகிவிட்டார்!