சட்டசபை ஏறிய மாதரசி

பெண்ணைச் சக்தியெனப் போற்றுவது நமது சமயம். ஆலயத்திலே அம்பிகைக்குத் தனிச் சந்நிதி அமைத்த நாம், சட்டம் இயற்றும் மன்றத்திலே மாதருக்கு ஓர் ஆசனம் அளிக்க நெடுங்காலம் தயங்கினோம். அத் தயக்கத்தைத் தகர்த்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886 ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்லூரி அதிபர். அன்னையார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமன்று. மன்னரின் ஆதரவினால் இடம் கிடைத்தது. பின்னர் 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1912 இல் சிறப்புடன் தேறி வைத்தியரானார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டுமென்பதையே நிபந்தனையாக வைத்தார்.

சென்னை மாகாணத்திற் பெண்களுக்கு வாக்குரிமை 1921 இல் வந்தது. ஆனால் சொத்துடையோருக்கே அது கிட்டியது. 1926 ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயா சிறு தொகை வாக்குகளால் தோல்வியுற்றார். அவ்வாண்டிலேயே முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். நியமன ஆசனம் வெறும் அலங்காரமாகிவிடுதல் எளிது. அம்மையாரோ அதனை வேலைத்தலமாக்கினார். 1927 இல் சபையின் உபதலைவராகத் தெரிவானார். இந்தியாவில் இப்பதவியை வகித்த முதற் பெண் இவரே.

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் முனைந்தபோது, சமயத்தின் பேரால் எதிர்ப்பு மூண்டது. சமயம் வேறு, அதன் நிழலில் வளர்ந்த கொடுமை வேறு என்பதை அவர் சபையிலே நிலைநாட்டினார். 1929 இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், மானிய நிலத்துக்காகத் தாசித்தொண்டு செய்தே தீரவேண்டும் என்ற கட்டை அவிழ்த்தது. அவ்வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் நிறைவேறுமுன், 1930 இல் காந்தியடிகள் சிறைப்பட்டார். அம்மையார் உடனே பதவியைத் துறந்தார். தாம் தொடங்கிய கருமம் சபையிலே குறையாக நிற்க வெளியேறுவது எளிய தியாகமன்று. 1947 இலேதான் அச்சட்டம் முழுமையாக வந்தது.

பதவி போயிற்று, பணி போகவில்லை. தாசி குலத்துச் சிறுமியருக்கு விடுதிகள் இடங்கொடாத வேளையில் அவர்களைத் தம் இல்லத்தில் ஏற்றார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரம் நெஞ்சில் நின்றது. 1954 இல் அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 இல் இறைவனடி சேர்ந்தார்.

நமது இலங்கையிலே 1931 இலேயே ஆண் பெண் பேதமின்றி வாக்குரிமை கிடைத்தது. அப்படியிருந்தும், 2024 ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னரும் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் மாதர் பத்திலொரு பங்கை எட்டவில்லை. வாக்கு மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? சங்கத்து வாலிபர்களே, நம் சகோதரியர் பொதுப்பணிக்கு முன்வரும்போது வழிமறிப்போராய் நில்லாது, துணைநிற்போமாக. அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.