காற்றை அளந்த கிழவர்

நாமெல்லாம் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தவர்கள். குஸ்தாவ் ஈஃபெலுக்கு அது கிடைக்கவில்லை! 1832-ல் பிரான்சின் டிஜோன் நகரில் பிறந்த அவர், பாரிஸின் புகழ்பெற்ற 'எக்கோல் பாலிடெக்னிக்' கல்லூரிக்கு முயன்று, தேர்வாகாமல், வேறொரு கல்லூரியில் வேதியியல் படித்து 1855-ல் வெளியே வந்தார். படித்தது வேதியியல், கட்டியதோ இரும்புப் பாலங்கள்! 1889-ல் 300 மீட்டர் கோபுரம் எழுப்பினார். அதுவரை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது.

பனாமா கால்வாய் ஊழல் வழக்கில் 1893-ல் அவருக்கு 2 வருடம் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் மானம் போனது போனதுதானே? கம்பெனியை விட்டு விலகினார். வயது 60. நம்ம ஊரில் அந்த வயதில் திண்ணைதான்! அவர் காற்றைப் பிடித்துக்கொண்டார்.

கோபுரத்துக்கான அனுமதியே 20 வருடத்துக்குத்தான். அதனால் ஏதாவது பயன் உண்டு என்று காட்டினால்தான் அது நிற்கும். இரண்டாம் தளத்தில் இருந்து, 115 மீட்டர் உயரம், பலவித வடிவப் பலகைகளைக் கம்பி வழியே விழவிட்டுக் காற்றின் தடையை அளந்தார். 1909-ல் கோபுரத்தடியிலேயே காற்றுச் சுரங்கம் அமைத்தார். 1912-ல் அதை ஓத்தேய் பகுதிக்கு மாற்றினார்.

அங்கேதான் அதிசயம். உருண்டையின் தடை எண் ஜெர்மனியின் கோட்டிங்கனில் வந்ததைவிட மிகக் குறைவாக வந்தது. 80 வயதுக்காரர் கணக்கில் தப்போ என்று சந்தேகம் வராதா? அவர் விடவில்லை. வேகத்தை மாற்றி மாற்றி அளந்தார். ஒரு வேகத்தைத் தாண்டியதும் தடை எண் சட்டென்று இறங்கிவிடுகிறது! காரணத்தை 1914-ல் பிராண்டில் விளக்கினார்: மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் கலங்கிவிட்டால், அது உருண்டையின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போகிறது. பின்னால் வெற்றுச் சுழல் சிறுத்து, இழுவை குறைகிறது.

சைக்கிள் பந்தயத் தலைக்கவசத்தின் ரகசியமும் இதுதான். மனிதத் தலையும் உருண்டைதானே! காற்று பின்னால் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அந்த நீண்ட வால். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் அப்படிப்பட்ட கவசமும், உடம்பைக் குறுக்கிப் பிடிக்கும் கைப்பிடியுமாக ஓட்டினார். லோரான் ஃபினியோன் வெறுந்தலையோடு வந்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயத்தில் வித்தியாசம் வெறும் 8 விநாடி! அது முடிந்த இடமும் ஈஃெபல் வாழ்ந்த பாரிஸ்தான்.

1923-ல், 91 வயதில் அவர் மறைந்தார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். 'டிப்ளமோதானே' என்று யாராவது இழுத்தால் எனக்கு இப்போது இந்தக் கிழவர் ஞாபகம்தான் வருகிறது. எந்த வாசல் மூடியது என்பதை உலகம் மறந்துவிட்டது. அவர் அளந்த அளவு நிற்கிறது. நாமும் நம் லேபில் ஒழுங்காக அளப்போம், தோழர்களே!

– இரண்டாமாண்டு, இயந்திரவியல்