பேசிக் தந்த ஜான் கெமனி

முதலாண்டு 'சி' வகுப்பில் திருதிருவென்று விழித்தவர்களில் நானும் ஒருவன். பள்ளிபாளையத்தில் அப்பா தறி ஓட்டுகிறார். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சீனியர் அண்ணன் ஒருவர் என் செல்போனில் பேசிக் என்ற பழைய மொழியை ஏற்றித் தந்தார். பயம் போச்சு.

அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜான் கெமனி. 1926-ல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளுக்கு அஞ்சி 1940-ல் அமெரிக்கா வந்த பையன், 1943-ல் பள்ளி வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். பிறகு அணுகுண்டுத் திட்டத்தில் கணக்கு வேலை; ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர். இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா எனக்குப் பிடித்தது டார்ட்மத் கல்லூரிக் கதை.

அப்போது கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளுக்கு மட்டும். அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்துக் கிடக்கணும். இலக்கியம் படிக்கிற மாணவனும் அதைத் தொடணும் என்று கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் பிடிவாதமாக நின்றார்கள். 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு பேசிக் ஓடியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1984-ல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 'கிளாஸ்' திட்டத்தில் வந்த பி.பி.சி. மைக்ரோவும் ஸ்விட்ச் போட்டவுடன் பேசிக்கில்தான் விழிக்கும். அந்த மைக்ரோவை இன்னும் பழுதுபார்த்து ஓட்டும் ஆர்வலர்கள் உண்டு; செல்போனுக்குக் கொண்டுவந்ததும் அப்படிப்பட்டவர்களே.

கெமனி 1970 முதல் 1981 வரை அக்கல்லூரியின் தலைவர். அப்போதும் வகுப்பெடுப்பதை விடவில்லையாம். 1992 டிசம்பர் 26-ல் காலமானார்.

போன மாசம் அப்பாவின் மீட்டர் கூலியைக் கூட்ட பத்து வரி எழுதினேன். முதலாளி நோட்டைவிட 40 ரூபாய் அதிகம் வந்தது. அப்பா நம்பவில்லை, நோட்டை வாங்கி விரல்விட்டு எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.