எஞ்சினியர் ஆக ஆசைப்பட்ட மாண்டிசோரி அம்மையார்

நர்சரிப் பள்ளி போர்டுகளில் 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பார்க்காத நண்பர்கள் இருக்க மாட்டீர்கள். ஏதோ ஊர்ப் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். அது ஒரு அம்மையாரின் பெயர். அவரும் நம்மைப் போல டெக்னிக்கல் படிப்பில் சேர்ந்தவர்தான்!

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெண் பிள்ளை படித்தால் டீச்சர் வேலைக்குத்தான் என்றிருந்த காலம். வீட்டிலும் அதையே சொன்னார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 13 வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். எஞ்சினியர் ஆகணும் என்பது ஆசை. 1890-ல் அந்தப் படிப்பை முடித்ததும் மனசு மாறி மருத்துவத்துக்குப் போனார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அம்மாதான் துணை நின்றார். ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு அழகில்லையாம். எல்லோரும் போன பிறகு தனியாக நின்று படித்தார். 1896-ல் டாக்டர் ஆனார்.

பிறகு, மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கைவேலை வழியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் முன்னேறினார்கள். அப்படியானால் மற்ற பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் எப்படி வைத்திருக்கின்றன என்ற கேள்வி அவருக்கு வந்தது.

1907 ஜனவரி 6-ல் ரோம் நகரின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது. அப்பா அம்மா கூலி வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரில் கிறுக்கி கட்டடத்தைக் கெடுக்கிறார்கள் என்று, கட்டடக்காரர்கள்தான் இவரிடம் ஒப்படைத்தார்கள். கல்வி மேல் அக்கறை வந்து அல்ல!

அங்கே அவர் பயன்படுத்திய சாமான்கள்தான் நமக்கு முக்கியம். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். குழந்தை அதன்மேல் விரலை ஓட்டும். எழுதும் அசைவு கைக்குப் பழகிவிடும். அப்புறம் மரக்கட்டையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசி உருளை உட்காராது. தப்பு என்று டீச்சர் சொல்ல வேண்டியதில்லை. ஃபிட்டிங் ஷாப்பில் ராவி ராவி ஜாப்பைச் சேர்த்துப் பார்க்கும்போது, சார் வருவதற்கு முன்னாடியே நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அதே தத்துவம்தான். எஞ்சினியர் மூளை எங்கேயும் போகவில்லை.

அவர் வாழ்க்கையில் எனக்கு உறுத்தும் விஷயமும் உண்டு. 1920-களில் முசோலினியின் ஆதரவை ஏற்றுக்கொண்டார். கடைசியில் ஒத்துப்போகவில்லை, 1930-களில் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன.

1939-ல் தம் 69-ஆவது வயதில் சென்னை அடையாறுக்கு வந்தார், பிரம்மஞான சபையின் அழைப்பில். இத்தாலிய மொழியில் அவர் பேச, மகன் மேரியோ ஆங்கிலத்தில் சொல்ல, ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு மேரியோவை முகாமில் அடைத்தது. கல்யாணமாகாமல் பிறந்த பிள்ளை என்பதால் சின்ன வயதில் தன்னோடு வைத்து வளர்க்க முடியாத மகன் அவர். முதுமையிலும் ஒரு பிரிவு! அம்மையாரின் 70-ஆவது பிறந்த நாளன்றுதான் விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் இருந்து வேலையைத் தொடர்ந்தார்கள். 1946 வரை நம் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் இவருடைய முறையின் சாயல் உண்டு. எங்கள் வீட்டில் முதலில் படிக்கப் போன நானும் தரையில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தவன்தான். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து வயதிலேயே வாசிப்பிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். கூலிக்காரர் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த முறை. இன்று பல ஊர்களில் அந்தப் போர்டு மாட்டிய பள்ளியின் ஃபீஸைக் கேட்டால் நம் அப்பா அம்மா வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அம்மையார் 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார். யூரோ வரும்வரை இத்தாலியின் 1000 லிரா நோட்டில் அவர் படம் இருந்தது. நோட்டின் பின்பக்கம் குழந்தைகள் படித்துக்கொண்டிருப்பார்கள்.