குழாய்க்குள் கம்பி வைத்தவர்

அமெச்சூர் ரேடியோக்காரர் வீட்டில், கருவியிலிருந்து மாடி ஏரியலுக்குக் கறுப்புக் கேபிள் ஒன்று ஓடும். நடுவே செம்புக் கம்பி. சுற்றிலும் மின்சாரம் கடக்காத பொருள். அதன்மேல் உலோக வலை. கோ-ஆக்சியல் கேபிள் என்பார்கள். 1880-ல் இந்த அமைப்புக்கு இங்கிலாந்தில் பேடண்ட் பெற்றவர் ஆலிவர் ஹெவிசைட்.

1850-ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே காய்ச்சல் கண்டு காது மந்தமாயிற்று. 16 வயதில் பள்ளிக்கு முழுக்கு! பிறகு தந்தி உத்தியோகம். 24 வயதில் அதையும் உதறிவிட்டுப் பெற்றோர் வீட்டில் அடைந்து கிடந்தார். மாக்ஸ்வெல்லின் மின்சார நூலை, ஆசிரியர் துணையின்றிக் கரைத்துக் குடித்தார்.

ஒரு கம்பியைக் குழாய் போன்ற இன்னொரு கம்பிக்குள் வைத்தால், பக்கத்துக் கம்பிகளின் தொல்லை உள்ளே புகாது. இதுதான் அவர் கண்ட சூட்சுமம். இன்றும் கேபிள் முனையில் மாட்டும் கனெக்டர், வெளி உறையைச் சுற்றிலும் இறுகப் பற்ற வேண்டும். மலிவான கனெக்டர் தளர்ந்தால் இரைச்சல் நுழைந்துவிடும், மழைநீரும்தான்!

1887-ல், டெலிபோன் கம்பியில் 'இண்டக்டன்ஸ்' கூடினால் பேச்சு குலையாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தபால் இலாகாவின் மின்சார அதிகாரி பிரீஸ் சீறினார். கட்டுரை அச்சேறாமல் தடுத்தார். 1900-ல் அமெரிக்காவில் பூபின் என்பவர் அதற்கான சுருள்களுக்குப் பேடண்ட் பெற்றுப் பணக்காரரானார். ஹெவிசைடோ சிறு பென்ஷனில் காலம் தள்ளினார்.

ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மின்மண்டலம் வானில் உண்டு என்று 1902-ல் அவர் எழுதினார். ஆப்பிள்டன் அதைச் சோதித்துக் கண்டது 1924 டிசம்பரில். 1925 பிப்ரவரி 3-ந் தேதி, டார்க்கி நகரில் ஹெவிசைட் கண்மூடினார்.