பதினேழு வயது இங்கிலீஷ் வாத்தியார்

இஞ்சினியரிங் காலேஜ் மலரில் இங்கிலீஷ் வாத்தியாரைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று கேட்பீர்கள். முதல் வருஷம் இங்கிலீஷ் பீரியட் என்றால் கடைசி பெஞ்சில் ரெக்கார்டு நோட்டை முடிக்கிற நேரம் என்பதுதான் நம்மில் பலருடைய அனுபவம். ஆனால் ஒரு இங்கிலீஷ் வகுப்பு ஒரு நகரத்தையே கலக்கியிருக்கிறது. அந்த வகுப்பை நடத்தியவர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ, கல்கத்தாக்காரர். அவரிடம் படித்த ஒருவர் நம்ம லைனுக்கும் வேண்டியவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டெரோசியோ பிறந்தது 1809 ஏப்ரல் 18. அப்பா வழியில் போர்ச்சுகீசிய ரத்தம். இந்நாளில் ஆங்கிலோ இந்தியர் என்று சொல்வோம். தர்மதலாவில் டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில் படித்தார். எதையும் ஏன், எப்படி என்று கேட்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அந்த டிரம்மண்ட். பையன் பதினாலு வயதில் படிப்பை விட்டு அப்பாவின் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குப் போனான். அது ஒத்துவரவில்லை. பாகல்பூர் பக்கம் சொந்தக்காரரின் அவுரித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தான். கங்கைக் கரையில் உட்கார்ந்து இங்கிலீஷில் கவிதை எழுதி 'இந்தியா கெஜட்' பத்திரிகைக்கு அனுப்ப, அது அச்சில் வந்தது. 1827-ல் முதல் தொகுப்பு. 1828-ல் உடன்கட்டை ஏற இருந்த ஒரு விதவையைப் பற்றிய நீண்ட கவிதை. சதியைத் தடைசெய்து சட்டம் வந்தது 1829 டிசம்பரில்தான் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1826-ல் இந்து காலேஜில் இங்கிலீஷ் இலக்கியமும் சரித்திரமும் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்தது. வயது பதினேழு! அவர் கூட்டத்தைச் சேர்ந்த ரசிக் கிருஷ்ண மல்லிக் அவரைவிட ஒரே ஒரு வயது சின்னவர். இப்படிப்பட்ட வகுப்பில் பிரம்பை எடுத்தால் செல்லுமா? டெரோசியோ எடுத்தது வேறு ஆயுதம். ஒரு கருத்தைக் கொடுத்து, அதற்கு ஆதரவாக என்ன சொல்லலாம், எதிர்த்து என்ன சொல்லலாம், எந்தப் பக்கத்துக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது என்று பையன்களையே பேச வைத்தார். சொல்வன்மை என்றால் அலங்காரமாகப் பேசுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிராளி சொல்வதை அவனைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த பிறகு அதற்குப் பதில் சொல்வதுதான் அவர் வகுப்பில் சொல்வன்மை. கடவுள் உண்டா என்ற கேள்வி வந்தால் ஹியூமின் சந்தேகங்களையும் எடுத்து வைப்பார். அந்தச் சந்தேகங்களுக்கு ரீட், டூகால்ட் ஸ்டூவர்ட் சொன்ன பதில்களையும் எடுத்து வைப்பார்.

பீரியட் போதவில்லை. 1828 வாக்கில் 'அகாடமிக் அசோசியேஷன்' என்று ஒரு விவாத சங்கம் தொடங்கி, மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூடினார்கள். விதி, சுதந்திரம், தேசப்பற்று, உருவ வழிபாடு என்று எல்லாம் விவாதத்துக்கு வந்தன. கடிகார வியாபாரியாக வந்து கல்விக்கே வாழ்க்கையைக் கொடுத்த டேவிட் ஹேரும் அங்கே வந்து உட்கார்ந்து கேட்பாராம்.

வீட்டில் பிரச்சனை கிளம்பாமல் இருக்குமா? பையன்கள் சாப்பாட்டிலும் சடங்கிலும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். சிலர் வேண்டுமென்றே பெரியவர்களைச் சீண்டினார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், வாதம் செய்யக் கற்றவனுக்கு அது அழகில்லை. பெற்றோர்கள் பையன்களைக் காலேஜிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள். வாத்தியாரைப் பற்றி வதந்தி பறந்தது.

1831 ஏப்ரல் 23-ல் நிர்வாகக் கமிட்டி கூடியது. மாணவர்களை ஒப்படைக்க இவர் தகுதியில்லாதவரா என்று முதல் கேள்வி. ஆமாம் என்று சொல்லப் பெரும்பாலோர் தயாராக இல்லை. ஊர் இருக்கிற நிலையில் இவரை விலக்குவது நல்லதா என்று அடுத்த கேள்வி. சமஸ்கிருத அறிஞர் வில்சனும், ஹேரும், இது இந்துக்களின் மன உணர்வு சம்பந்தப்பட்டது என்று ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். விலக்குவது என்று முடிவாகிவிட்டது. சம்பந்தப்பட்ட மனுஷனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை! இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவருக்கு அவர் பக்கத்தைச் சொல்ல நாற்காலி போடவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் அதைத்தான் அவர் முக்கியமாகக் குறிப்பிட்டார்.

வில்சன் தனிப்பட்ட முறையில் மூன்று குற்றச்சாட்டுகளைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்டார். கடவுள் இல்லை என்று போதித்தாரா, பெற்றோரை மதிக்க வேண்டாம் என்றாரா, அண்ணன் தங்கை கல்யாணம் தப்பில்லை என்றாரா? டெரோசியோ எழுதிய பதிலை வாய்ப்புக் கிடைத்தால் தேடிப் படியுங்கள். கோபம் இருக்கிறது, ஆனால் வரிசை தப்பவில்லை. முதலாவதுக்கு, இரண்டு தரப்பையும் சொன்னேன், ஒன்றை மறைப்பது படிப்பாகுமா என்று திருப்பிக் கேட்டார். இரண்டாவதுக்கு, அப்பாவின் கொடுமை தாங்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப நினைத்த ஒரு மாணவனைத் தாமே தடுத்ததைப் பெயரோடு சாட்சியாக வைத்தார். மூன்றாவது சுத்தப் பொய் என்றார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்த ஜூனில் 'ஈஸ்ட் இந்தியன்' என்று பத்திரிகை தொடங்கினார். டிசம்பர் 26-ல் காலரா கொண்டுபோய்விட்டது. வயது இருபத்திரண்டு.

அதே டிசம்பரில் அவருடைய மாணவர் ராதாநாத் சிக்தார், நில அளவைத் துறையில் முப்பது ரூபாய் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்தார். நான் சொன்ன ஆள் இவர்தான். 1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த அதே பெரிய சர்வே. பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரம் என்று 1852-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் என்று பெயர் வாங்கியவர். எவரெஸ்டுக்கு 1856-ல் வெளியான உயரம் 29,002 அடி. 2020-ல் நவீனக் கருவிகளோடு அளந்து சொன்ன 8848.86 மீட்டருக்கும் அதற்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்.

ஆனால் சிக்தாரிடம் எனக்குப் பிடித்தது 1843 சமாசாரம். டேராடூனில் ஒரு மாஜிஸ்ட்ரேட் சர்வே கூலிகளை இலவசமாகச் சுமை தூக்க வைத்தபோது, சிக்தார் குறுக்கே நின்று தடுத்தார். அதற்கு அவருக்கு 200 ரூபாய் அபராதம். விவகாரத்தைக் கல்கத்தாவில் அச்சில் கொண்டுவந்தவர் அவருடைய பழைய வகுப்புத் தோழர், பெரிய மேடைப் பேச்சாளராக வளர்ந்த ராம்கோபால் கோஷ். 1854-ல் சிக்தாரும் இன்னொரு தோழர் பியாரி சந்த் மித்ராவும் சேர்ந்து பெண்கள் எளிதாகப் படிக்கும்படி பேச்சு வங்காளத்தில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். வங்காளத்தின் ஆரம்ப நாவல்களில் ஒன்றான பியாரி சந்தின் 'ஆலாலேர் கரேர் துலால்' அதில்தான் தொடராக வந்தது.